அமெரிக்கக் கல்லூரிக்கு மாறுகிறேன் என்று கிளம்பி ஒன்றே முக்கால் லட்சத்தை விட்ட கதை

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், கதை அப்புறம். வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டுகிற கன்சல்டன்சிக்கு 60,000, அதன் மேல் ஜிஎஸ்டி 10,800. டோஃபல் என்கிற ஆங்கிலத் திறன் தேர்வு, போக வரச் செலவோடு 17,000. மார்க் ஷீட்டை அமெரிக்கக் கணக்குக்கு மாற்றிச் சான்று கொடுக்கும் நிறுவனத்துக்கு 19,400. ஒன்பது கல்லூரிகளின் விண்ணப்பக் கட்டணம், கார்டில் பிடித்த கமிஷன் எல்லாம் சேர்த்து 61,500. டிரான்ஸ்கிரிப்ட் (கல்லூரியே கொடுக்கிற மார்க் பட்டியல்), நோட்டரி, கூரியர், ஜெராக்ஸ் என்று 8,300. கூட்டினால் 1,77,000 ரூபாய். இது போக ஒரு அரியர், ஏழு மாதத் தூக்கம், அப்பாவிடம் நான் பேசாமல் இருந்த பதினோரு நாள். இவ்வளவும் கொடுத்து வாங்கியது எட்டு நிராகரிப்பு மெயில், ஒரு சேர்க்கை மெயில். அந்த ஒன்றும் பயன்படவில்லை. இன்ஜினியரிங் முதல் வருஷம் சேர்ந்த கையோடு 'இங்கே இருக்க முடியாது, பெரிய காலேஜுக்கு மாறிவிட வேண்டும்' என்று தவிக்கிற பிள்ளைகள் மதுரையில் வருஷா வருஷம் இருக்கிறார்கள். நான் தவித்தபோது யாராவது உட்காரவைத்து நாலு கேள்வி கேட்டிருந்தால் பாதிப் பணமாவது வீட்டில் இருந்திருக்கும்.

எங்கள் வீடு திருநகரில். அப்பா கப்பலூர் சிட்கோவில் சின்னதாக ஒரு லேத் பட்டறை வைத்திருக்கிறார், அம்மா சத்துணவு அமைப்பாளர். திருநகரில் இருந்துகொண்டு தியாகராசர் பொறியியல் கல்லூரியைப் பற்றிக் கேட்காமல் வளர முடியாது. பக்கத்தில் திருப்பரங்குன்றத்தில் 1957லிருந்து இருக்கிற கல்லூரி, அரசு உதவி பெறுவது, எங்கள் தெருவில் எந்தப் பிள்ளை மார்க் எடுத்தாலும் 'தியாகராசரில் சேர்த்துவிடு' என்பார்கள். 2023ல் ப்ளஸ் டூ முடித்தேன், 600க்கு 571. இன்ஜினியரிங் கட்-ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது என்று 200க்குப் போடுவார்கள் இல்லையா, அதில் எனக்கு 188.5. நான் கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ் அங்கே கிடைக்கவில்லை. மதுரைக்கு அந்தப் பக்கம் ஒரு சுயநிதிக் கல்லூரியில் அதே பிரிவு கிடைத்தது, சேர்ந்தேன். காலையில் ஆறே முக்காலுக்குக் காலேஜ் பஸ். ஏறி உட்கார்ந்ததும் அழுகை வரும். இதை வெட்கப்படாமல் சொல்கிறேன், ஏனென்றால் நான் செய்த தப்புகளில் பாதி அந்த அழுகையில் செய்தவை.

முதலில் உள்ளூரிலேயே மாற முடியுமா என்று பார்த்தேன். எங்கள் கல்லூரி அலுவலகத்தில் கேட்டதற்கு, சுயநிதியிலிருந்து இன்னொரு சுயநிதிக்கு வேண்டுமானால் இரண்டு பக்கமும் தடையில்லாச் சான்று வாங்கி முயற்சி பண்ணு, அரசு உதவி பெறும் கல்லூரியை மறந்துவிடு என்றார்கள். ஐஐடியில் நடுவில் போய்ச் சேர வழியே கிடையாது, ஜேஇஇ அட்வான்ஸ்டு எழுதித்தான் முதல் வருஷத்தில் நுழைய வேண்டும். சரி, இங்கே கதவு இல்லை என்று தெரிந்ததும் போனில் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஒரு வருஷம் படித்துவிட்டு இன்னொரு கல்லூரிக்கு மாறுவது சாதாரணமாம், வெளிநாட்டுப் பிள்ளைகளும் விண்ணப்பிக்கலாமாம். அது உண்மைதான். அந்த உண்மைக்கு மேல் நான் கட்டிய மாளிகைதான் பிரச்சினை. அத்தையிடம் போனில் 'அமெரிக்கக் காலேஜுக்கு மாறப் போறேன் அத்தை' என்று சொன்னபோது, 'நல்லது தாயி, கோரிப்பாளையந்தானே, ரெண்டு பஸ் மாறணும்' என்றார். அமெரிக்கன் காலேஜ் 1881லிருந்து மதுரையில் இருக்கிறது, அவர் மேல் தப்பே இல்லை. இப்போது நினைத்தால் எனக்குக் கிடைத்த ஆலோசனைகளிலேயே செலவில்லாதது அதுதான்.

கன்சல்டன்சியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மதுரையிலேயே இருக்கிறது, ஏசி அறை, சுவரில் கொடிகள். அங்கே இருந்தவர் என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு, 'ஃபர்ஸ்ட் இயர் அட்மிஷனைவிட டிரான்ஸ்ஃபர் ஈஸிம்மா, நிறைய பேருக்கு இந்த ரூட்டே தெரியாது, ஒங்க ப்ரொஃபைலுக்கு ஃபிஃப்டி ஃபிஃப்டி சொல்லலாம்' என்றார். நானும் அப்பாவும் தலையாட்டினோம். அந்த ஐம்பது எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. அப்பா பட்டறையில் ஒரு ஷாஃப்டை வாங்கினால் மைக்ரோமீட்டர் வைத்து மூன்று இடத்தில் அளந்து பார்ப்பார். அன்றைக்கு அளக்கவில்லை. மகளுடைய படிப்பு என்றதும் அளவுகோலை எடுப்பது அவருக்கு மரியாதைக் குறைவாகத் தோன்றியிருக்கலாம். எனக்கோ அளக்கவே ஆசையில்லை, அந்த ஐம்பதை அப்படியே மடித்து வீட்டுக்குக் கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

நான் செய்திருக்க வேண்டியது என்ன? காசு செலவில்லாத வேலை, ஒரு ராத்திரியில் முடியும். அமெரிக்கக் கல்லூரிகளில் பெரும்பாலானவை வருஷா வருஷம் 'காமன் டேட்டா செட்' என்று ஒரு நீண்ட படிவத்தை நிரப்பித் தங்கள் தளத்திலேயே போட்டு வைக்கின்றன. கல்லூரி பெயரையும் இந்தச் சொல்லையும் சேர்த்துத் தேடினால் வந்துவிடும். அதில் 'சி' பிரிவு முதல் வருஷச் சேர்க்கை. எல்லாரும் அதைத்தான் பார்க்கிறார்கள், ஊரில் பேசுகிற சதவீதமெல்லாம் அதுதான். உங்களுக்கு வேண்டியது 'டி' பிரிவு. எத்தனை பேர் மாற்றம் கேட்டார்கள், எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள் என்று ஒரு சின்னப் பெட்டி இருக்கும். ஒரு வருஷத்தை மட்டும் பார்க்காதீர்கள், மூன்று வருஷத்தை எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள், ஏனென்றால் இந்த எண் வருஷத்துக்கு வருஷம் குதிக்கும். எட்டு மெயிலும் வந்து முடிந்த பிறகு, மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் முதல்முதலாக இந்தப் பெட்டிகளைத் திறந்தேன். இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் வேலை அது.

ஏன் குதிக்கும் என்றால், டிரான்ஸ்ஃபர் சீட் என்பது பெரும்பாலும் மிச்ச சீட். யாராவது கிளம்பினால்தான் இடம். நாம் ஆசைப்படுகிற பெரிய பெயர் கல்லூரிகளில் முதல் வருஷம் சேர்ந்தவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு, தொண்ணூற்றெட்டுப் பேர் இரண்டாம் வருஷமும் அங்கேயேதான் இருக்கிறார்கள். விடுதிக் கட்டிலும் எண்ணி வைத்ததுதான். ஹார்வர்ட் வருஷத்துக்கு ஒரு டஜன் பேர் அளவில்தான் எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990லிருந்து மாற்றத்தையே நிறுத்தி வைத்திருந்து 2018ல்தான் மறுபடி திறந்தது, அந்த முதல் முறை இடம் கொடுத்தது 13 பேருக்கு. அதுவும் ராணுவத்தில் இருந்தவர்கள், வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகள், கம்யூனிட்டி காலேஜில் படித்தவர்கள் வரவேண்டும் என்றுதான் திறந்தார்கள். கப்பலூர் லேத்காரர் மகளும் வருமானம் குறைந்த வீடுதானே என்று நான் நினைத்தேன். அவர்கள் மனதில் முதலில் இருப்பது அவர்கள் நாட்டுப் பிள்ளைகள் என்பது எனக்கு உறைக்கவில்லை.

அடுத்து, அந்தச் சின்ன எண்ணுக்குள் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கம்யூனிட்டி காலேஜ் என்றால் இரண்டு வருஷக் கல்லூரி, நம் ஊரில் பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து லேட்டரல் என்ட்ரியில் நேராக பி.இ. இரண்டாம் வருஷம் போகிறார்களே, அந்த மாதிரி அங்கேயும் ஒரு பாதை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் ஆயிரக்கணக்கில் மாற்று மாணவர்களை, அதாவது வேறு கல்லூரியிலிருந்து மாறி வருகிறவர்களை எடுக்கிறது என்று கேட்டதும் எனக்கு வாயெல்லாம் பல். அவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் அந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள், அவர்களுக்கு முன்னுரிமை என்பது எழுதி வைத்த கொள்கை. இரண்டு வருஷப் படிப்பை முடித்தவர்களைத்தான் பெரும்பாலும் எடுக்கிறார்கள். கையில் ஒரு செமஸ்டர் வைத்திருந்த எனக்கு அந்தப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தை லிஸ்டில் எழுதிக் கொடுத்திருந்தார் கன்சல்டன்சிக்காரர். பிறகு அவரே அடித்துவிட்டார், காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிரிவும் முக்கியம். பல இடங்களில் கல்லூரி மாற்றத்துக்குத் திறந்திருக்கும், கம்ப்யூட்டர் சயின்ஸ் மட்டும் மூடியிருக்கும், அல்லது இந்த இந்தக் கணிதப் பாடங்களை முடித்திருந்தால்தான் பார்ப்போம் என்று தனியாக ஒரு பக்கத்தில் போட்டிருப்பார்கள். நான் விண்ணப்பித்த ஒன்பதில் இரண்டு அப்படி. பணம் கட்டிய பிறகுதான் பார்த்தேன்.

இதையெல்லாம்விடப் பெரிய விஷயம் பணம், அதைத்தான் நாங்கள் கடைசியில் பேசினோம். அங்கே பெரிய தனியார் கல்லூரிகளில் ஒரு வருஷத்துக்குப் படிப்பு, தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 80,000 டாலருக்கு மேல் ஆகும். அன்றைக்கு டாலர் 83 ரூபாய் கிட்ட, ஆக 66 லட்சம், ஒரு வருஷத்துக்கு. 'உதவித்தொகை கொடுப்பாங்க' என்று வீடியோவில் சொல்கிறார்கள், பொய்யில்லை, ஆனால் யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சில கல்லூரிகள் சேர்க்கை முடிவு செய்யும்போது வீட்டு வருமானத்தைப் பார்ப்பதே இல்லை. ஆனால் அது பல இடங்களில் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு மட்டும். வெளிநாட்டுப் பிள்ளை உதவி கேட்டால் அதையும் தராசில் போட்டுத்தான் முடிவு எடுப்பார்கள். வெளிநாட்டுப் பிள்ளை, அதிலும் மாற்று மாணவர் என்றால் உதவியே கிடையாது என்கிற கல்லூரிகளும் உண்டு. காமன் டேட்டா செட்டில் 'எச்' பிரிவில் வெளிநாட்டு மாணவர்கள் எத்தனை பேருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்று வரும். ஆனால் முதல் வருஷம், மாற்றம் என்று பிரித்து வராது. அதனால் கல்லூரிக்கே ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள். வளவள என்று எழுத வேண்டாம். 'நான் இந்தியாவில் படிக்கிறேன், மாற்று மாணவராக விண்ணப்பிக்க நினைக்கிறேன், எனக்கு நிதியுதவி கேட்கத் தகுதி உண்டா, உதவி கேட்டால் சேர்க்கை வாய்ப்பைப் பாதிக்குமா' என்று மட்டும் கேட்டால் போதும். நான் எல்லாம் முடிந்த பிறகு ஆற்றாமையில் ஐந்து கல்லூரிகளுக்கு இதை அனுப்பினேன், நாலு பேர் இரண்டு நாளில் பதில் போட்டார்கள், அதில் மூன்று பேர் 'இல்லை' என்று ஒரே வரியில். அந்த மூன்றுக்கும் நான் கட்டியிருந்தது இருபதாயிரத்துக்கு மேல்.

விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லியும் இதே மாதிரி மெயில் போடலாம், சில கல்லூரிகள் குடும்ப நிலைமையைச் சொன்னாலே விட்டுவிடுகின்றன. மார்க் ஷீட் மாற்றுகிற சான்றும் எல்லா இடத்திலும் தேவையில்லை. என் ஒன்பதில் ஆறு பேர் எங்களிடம் நேராக டிரான்ஸ்கிரிப்ட் அனுப்பினால் போதும் என்று தளத்திலேயே எழுதியிருந்தார்கள். 'எல்லாரும் பண்றதும்மா' என்று சொன்னதை நம்பி 19,400 கட்டினேன்.

காகித வேலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அமெரிக்காவில் யாரும் இதை எழுதி வைக்க மாட்டார்கள், இது நம் ஊர்ப் பிரச்சினை. முதலில் காலண்டர். நமக்குக் கவுன்சலிங் முடிந்து வகுப்பு தொடங்கவே ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிவிடுகிறது. அங்கே பல கல்லூரிகளுக்கு மாற்று விண்ணப்பக் கடைசி நாள் மார்ச் 1, மார்ச் 15 என்று வரும். என் முதல் செமஸ்டர் ரிசல்ட் வந்தது அதற்குச் சில நாள் முன்னால்தான், அதாவது முதல் வருஷத்திலேயே விண்ணப்பித்தால் கல்லூரி மார்க் என்று காட்ட உங்களிடம் ஒரே ஒரு செமஸ்டர் இருக்கும். அப்போது அவர்கள் உங்கள் பள்ளி மார்க்கைத்தான் அதிகம் பார்ப்பார்கள். என் பள்ளி மார்க்கின் கதையைக் கேளுங்கள். நான் பத்தாவது படித்தது 2021, கொரோனா வருஷம், எல்லாரும் பாஸ். எங்கள் பத்தாம் வகுப்புச் சான்றிதழில் மார்க்கே இருக்காது, தேர்ச்சி என்று மட்டும் இருக்கும். ஒன்பதாவதிலும் முழுப்பரீட்சை நடக்கவில்லை. நாலு வருஷப் பள்ளி மார்க் வேண்டும் என்கிறவர்களுக்கு ஒரு வருஷத்து மார்க் ஷீட் வெள்ளையாகப் போனால் என்ன நினைப்பார்கள்? பள்ளி தலைமையாசிரியர் லெட்டர்ஹெட்டில் ஒரு விளக்கக் கடிதம் வாங்கி இணைத்திருக்க வேண்டும். எனக்கு அது தோன்றவில்லை, கன்சல்டன்சிக்கும் தோன்றவில்லை. என் வயதுக்காரர்கள் மேற்படிப்புக்குப் போகும்போதும் இதை நினைவில் வையுங்கள்.

கிரெடிட், அதாவது முடித்த பாடத்துக்குக் கிடைக்கிற புள்ளி, அதைப் புதுக் கல்லூரி ஏற்குமா என்கிற விஷயம் இன்னும் வேடிக்கை. எங்கள் முதல் செமஸ்டரில் 'தமிழர் மரபு' என்று ஒரு பாடம், ஒரு கிரெடிட். நல்ல பாடம், எனக்குப் பிடித்தது, நடுகல் பற்றியெல்லாம் வரும். அதை ஒரு அமெரிக்கக் கல்லூரியில் எந்தப் பெட்டிக்குள் போடுவார்கள்? இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ், ஒர்க்‌ஷாப் லேப் எல்லாம் பொறியியல் இல்லாத கல்லூரிகளில் எண்ணிக்கையிலேயே வராமல் போகலாம். அதற்கு நேர் எதிராக, இங்கே இரண்டு வருஷத்துக்கு மேல் படித்துவிட்டால் பல இடங்களில் விண்ணப்பிக்கவே முடியாது, பட்டம் வாங்கப் பாதிப் படிப்பாவது எங்களிடம் முடிக்க வேண்டும் என்பார்கள். ஆக, சீக்கிரம் போனால் காட்ட மார்க் இல்லை, தாமதித்தால் வயது கடந்த மாதிரி. நடுவில் ஒரு சின்ன ஜன்னல்தான், இரண்டாம் வருஷம் மார்ச் மாதம். அப்போது கையில் மூன்று செமஸ்டர் இருக்கும். நான் அந்த ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம். பொறுக்கிற மனநிலையில் யார் இருந்தது?

பிறகு ஆபீஸ். விண்ணப்பத்தில் 'காலேஜ் ரிப்போர்ட்' என்று ஒரு படிவம், இந்த மாணவி ஒழுங்காக இருக்கிறாள், ஒழுங்கு நடவடிக்கை எதுவும் இல்லை என்று கல்லூரி கையெழுத்துப் போட வேண்டும். நான் அதை எடுத்துக்கொண்டு போய் 'சார், டிரான்ஸ்ஃபர் அப்ளிகேஷனுக்கு' என்று வாய் திறந்தேன், அவ்வளவுதான். 'டிரான்ஸ்ஃபரா? அப்ப டிசி எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, மிச்சம் மூணு வருஷ ஃபீஸையும் கட்டிரு' என்றார் கிளார்க். நான் பயந்துபோய் அங்கேயே அழுதுவிட்டேன். மறுநாள் அப்பா பட்டறையைப் பூட்டிவிட்டு வந்து, பிரின்சிபால் அறைக்கு வெளியே இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து கையெழுத்து வாங்கினார். கையில் கிரீஸ் இருக்கிறது என்று படிவத்தைக்கூட அவர் தொடவில்லை, என்னையே நீட்டச் சொன்னார். இதில் சொல்லிக்கொள்ள வேண்டியது: 'டிரான்ஸ்ஃபர்' என்ற சொல்லையே ஆபீஸில் எடுக்காதீர்கள். 'வெளிநாட்டுக் கல்லூரிக்கு விண்ணப்பிக்க நன்னடத்தைப் படிவம்' என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான். கையில் சேர்க்கைக் கடிதமும் பணத்துக்கு வழியும் விசாவும் வராமல் டிசி என்ற பேச்சையே தொடக் கூடாது. யார் சொன்னாலும் சரி.

பரிந்துரைக் கடிதத்துக்கு எச்ஓடி சொல்லி ஒரு ஆசிரியரிடம் போனேன். அறுபது பேர் வகுப்பு, ஐந்து மாதம், அவருக்கு என் பெயர் தெரியாது. 'நீயே எழுதிட்டு வாம்மா, நான் அனுப்பிர்றேன்' என்றார். நம் ஊரில் இது நடப்பதுதான், ஆனால் சரியில்லை. எழுதினேன், அனுப்பினார். என்னைப் பற்றி நானே புகழ்ந்து எழுதிய அந்தக் கடிதத்தை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது, கட்டுரையும் கடிதமும் ஒரே ஆள் எழுதியது என்று படிக்கிறவருக்குத் தெரியாமலா போயிருக்கும்? கட்டுரையும் லட்சணமாக இல்லை. 'ஏன் மாற நினைக்கிறாய்' என்பதுதான் கேள்வி. முக்கால் பங்கு எங்கள் கல்லூரியைத் திட்டியிருந்தேன், வைஃபை, பஸ், ஆண்களும் பெண்களும் பேசக் கூடாது என்கிற விதி. அங்கே போய் எந்தப் பாடத்தை யாரிடம் எதற்காகப் படிக்கப் போகிறேன் என்று ஒரு வரி இல்லை. எனக்கே தெரியாது. இங்கிருந்து போக வேண்டும் என்பது மட்டும்தான் தெரியும்.

ஏப்ரல் கடைசியிலிருந்து மெயில்கள் வர ஆரம்பித்தன. நம் நேரத்துக்கு அவை விடியற்காலையில் வரும். அதற்காக அலாரம் வைத்து எழுந்து உட்கார்ந்திருப்பேன். அம்மா ஒன்றும் கேட்க மாட்டார், காபி போட்டு வைத்துவிட்டுப் போவார். எட்டாவது மெயிலுக்கு அப்புறம் ஒன்று வந்தது, ஒரு மாநிலப் பல்கலைக்கழகம், 'வாழ்த்துகள்' என்று. வீடே கூத்தாடியது. அன்று மாலை கட்டண விவரத்தைத் திறந்தோம். வருஷத்துக்கு 52,000 டாலர், உதவித்தொகை 6,000. மிச்சத்தை அப்பா கால்குலேட்டரில் பெருக்கினார், 38 லட்சம் வந்தது. மறுபடி பெருக்கினார். அப்புறம் 'நான் பட்டறைய வித்தாலும்...' என்று ஆரம்பித்து நிறுத்தினார். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத மாட்டேன். முன்னால் சொன்ன பதினோரு நாள் அதற்குப் பிறகுதான்.

இந்த அலைச்சலில் இரண்டாம் செமஸ்டர் அட்டெண்டன்ஸ் 71க்கு வந்துவிட்டது, 75 வேண்டும். ஃபைன் கட்டிப் பரீட்சை எழுதினேன். 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் அண்ட் நியூமெரிக்கல் மெத்தட்ஸ்' தாளில் அரியர். வாய்ப்பைக் கணக்குப் போடத் தெரியாமல் ஒன்றே முக்கால் லட்சம் விட்டவள் தோற்றது சரியாக அந்தப் பாடத்தில்தான். அரியருக்குப் படிக்கும்போதுதான் என் கன்சல்டன்சிக்காரரின் ஐம்பதும் புரிந்தது. அவர் மனதில் ஓடியது இப்படி இருந்திருக்க வேண்டும்: ஒரு கல்லூரிக்கு ஐந்து சதவீதம், பத்துக் கல்லூரி போட்டால் ஐம்பது. கூட்டல் அப்படி வராது. ஒவ்வொன்றிலும் கிடைக்காமல் போக 95 சதவீதம், அதைப் பத்து முறை பெருக்கினால் 60 கிட்ட வரும், ஆக எங்காவது ஒன்று கிடைக்க 40. ஐந்து என்பது இரண்டு என்றால் அந்த 40 கூட 18 ஆகிவிடும். இதுவும் ஒவ்வொரு கல்லூரியின் முடிவும் மற்றதோடு சம்பந்தமில்லாமல் இருந்தால்தான். என் விஷயத்தில் ஒன்பது பேருக்கும் போனது அதே ஒரு செமஸ்டர், அதே மார்க் இல்லாத பத்தாவது, அதே நானே எழுதிய கடிதம், அதே 'பணம் இல்லை'. திருநகர் ஸ்டாப்பில் நின்றுகொண்டு பாயிண்ட் டு பாயிண்ட் பஸ்ஸுக்குக் கை காட்டுகிற மாதிரி. பத்து பஸ் போனாலும் நிற்காது, பஸ் எண்ணிக்கையைக் கூட்டி என்ன பண்ணுவது? அந்தத் தாளை அடுத்த முறை 'ஏ' கிரேடில் முடித்தேன், அது ஒரு தனிச் சந்தோஷம்.

இப்போது நான் கடைசி வருஷத்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். அதே கல்லூரிதான், அதே ஆறே முக்கால் பஸ். பஸ்ஸில் அழுவது எப்போது நின்றது என்று தெரியவில்லை. அப்பா அந்த வருஷம் மாற்றுவதாக இருந்த பழைய லேத்தை இன்னும் மாற்றவில்லை, கேட்டால் 'ஓடுதுல்ல' என்கிறார். இரண்டாம் வருஷ ஜன்னலில் மறுபடி முயன்றிருக்கலாமே என்று சிலர் கேட்டார்கள். பெட்டிகளைத் திறந்து எனக்குப் பொருந்துகிற, உதவியும் கொடுக்கிற கல்லூரிகளை எண்ணினேன், மூன்று தேறியது, மூன்றிலும் சேர்த்து என் வாய்ப்பு ஐந்து சதவீதத்துக்கு மேல் போகாது என்று நானே போட்ட கணக்கு. அந்த ஐந்துக்காக இன்னொரு செமஸ்டரை விட மனம் வரவில்லை. சிலருக்கு வரலாம், அதில் தப்பில்லை.

போன மாதம் எங்கள் தெருவில் முதல் வருஷம் படிக்கிற ஒரு பெண் அவள் அம்மாவோடு வந்தாள், கையில் அதே கன்சல்டன்சியின் பளபளப்பான காகிதம். லிஸ்டில் பதினொரு பெயர். நான் ஒன்றும் சொல்லாமல் லேப்டாப்பைத் திறந்து வைத்தேன், அவளே ஒவ்வொன்றாக 'டி' பிரிவைத் தேடி நோட்டில் எழுதினாள், அவள் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து அடித்துக்கொண்டே வந்தார். கடைசியில் இரண்டு பெயர் மிஞ்சியது. இரண்டுக்கும் அன்றைக்கே மெயில் போட்டோம், ஒன்றில் நிதியுதவி உண்டு, கட்டணத் தள்ளுபடியும் தருகிறோம் என்று பதில் வந்துவிட்டது. இன்னொன்றுக்குக் காத்திருக்கிறாள். விண்ணப்பத்தை இந்த வருஷம் போட வேண்டாம், மூன்று செமஸ்டர் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறேன், கேட்பாளா தெரியாது. பத்தாவது மார்க் ஷீட்டில் மார்க் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருந்தது.